முன்வரிசைச் சொந்தம்

சாலையின் எதிர்ப்புறத்தில், பச்சை விளக்குக்காகக் காத்து நின்ற கூட்டத்தில் ரமணனும் நின்றுகொண்டிருந்தார்.

யாமினிக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. ரமணன் இந்நேரம் சிங்கப்பூரின் ஊபி பகுதியில், லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், யாரையாவது நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யாமினி இந்நேரம் செங்காங்கில், தன் வீட்டுக் கட்டிலில், வயிற்றுப்போக்கோடு சுருண்டு கிடக்க வேண்டும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் காலையில் வாங்கிய எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், அப்படித்தான் சொன்னது.

ஆனால் அவள் ரோச்சோர் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து, கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாக நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சான்றிதழ்கள் வைத்த கோப்பு. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் பதினொன்றே காலுக்கு நேர்முகத் தேர்வு.

பன்னிரண்டு வருடம் ரமணனுக்குக் கீழே வேலை பார்த்தாகிவிட்டது. அவர் கத்த மாட்டார். அதுதான் பயம். போன வருடம் டெக்னீஷியன் வடிவேலு எம்.சி. போட்டுவிட்டு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனது தெரிந்தபோது, மறுநாள் ரமணன் அவனை அருகில் அழைத்து, "இப்ப உடம்பு எப்படி இருக்கு? தண்ணி நெறையக் குடிச்சீங்களா?" என்று அன்பாக விசாரித்தார். வடிவேலு தலையாட்டினான். "நல்ல தண்ணியா, கடல் தண்ணியா?" என்று அடுத்த கேள்வி வந்தது. வடிவேலு அன்றே வேலையை இழந்தான்.

பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் நகர்ந்தது. ரமணன் அவளை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.

யாமினி திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு திறந்த இரும்புக் கேட். அதற்குள் அந்தப் பழைய மாதா கோவில். தேக்காவுக்குப் போகும்போதெல்லாம் பேருந்து ஜன்னல் வழியாக அதன் வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறாள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம், என்றாவது ஒருநாள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்ததுண்டு. அந்த ஒருநாள் இன்றைக்கே வாய்த்துவிட்டது. கிட்டத்தட்ட ஓடினாள்.

வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். சட்டைப் பையில் 'ஆரோக்கியம்' என்று பெயர் அட்டை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபேமிலியா?"

யாமினி பின்னால் எட்டிப் பார்த்தாள். கேள்வி காதில் விழவில்லை. உள்ளே போக வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. தலையை ஆட்டினாள்.

"லேட்டாயிருச்சு லா. வாங்க, வாங்க. முன்னாடி இடம் இருக்கு."

பெரியவர் அவள் கையைப் பிடித்து நடுவழியே அழைத்துப்போனார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. உயரமான கூரையிலிருந்து நீண்ட கம்பிகளில் தொங்கிய மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. பக்கச் சுவர்களின் வர்ணக் கண்ணாடிகள் வழியே நீலமும் சிவப்புமாக வெயில் தரையில் விழுந்திருந்தது. எவ்வளவு அழகு என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் பீடத்துக்கு முன்னால் இருந்த பொருள் கண்ணில் பட்டது.

சவப்பெட்டி.

அதன் தலைமாட்டில் ஒரு படம். மூக்குக் கண்ணாடி போட்ட வயதான பெண்மணி, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைக் கையால் பாதி மூடியிருந்தார். கீழே 'பிலோமினா, வயது 81' என்று எழுதியிருந்தது.

ஆரோக்கியம் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அந்த வரிசையில் ஏற்கெனவே ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். அழுதழுது கண் வீங்கியிருந்தது. யாமினியைப் பார்த்ததும், யார் என்று கேட்காமல், அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ரோஸ்லின். பெரிய மக. வந்தீங்களே, அதுவே போதும்," என்றாள்.

யாமினி கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம். ரமணன் தாண்டிப் போகட்டும். பிறகு நைசாக எழுந்து போய்விடலாம்.

பக்கவாட்டுக் கதவு கிரீச்சிட்டது. தெருப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே வந்தவர் ரமணன்.

யாமினி முன்னால் வைத்திருந்த பாட்டுத்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். தாளின் ஓரத்தில் பார்த்தபோது அவர் இடதுபக்க முதல் வரிசையில், சரியாக அவளுக்கு நேராக, உட்கார்ந்துகொண்டிருந்தார். டை கட்டியிருந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவரை டையோடு அவள் பார்த்ததே இல்லை. கம்பெனி டி-ஷர்ட்தான் அவருக்கு உடம்புத் தோல்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவர் இந்தச் சாவுக்கு வந்திருக்கிறார். சிங்கப்பூரில் எத்தனையோ கட்டடம் இருக்க, அவள் வந்து ஒளிந்தது அவருக்கு வேண்டியவரின் சவப்பெட்டிக்கு முன்னால்.

ரமணன் தலையைத் திருப்பினார். பார்வை அவள் மீது விழுந்தது. முகம் அப்படியே வெளுத்துப்போனது.

அவருக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, வெளுக்கும் என்று ஆபீசில் சொல்வார்கள்.

பூசை தொடங்கியது. எல்லோரும் எழுந்தால் எழுந்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். முழங்காலிடும் பலகையில் ஒருமுறை கால் இடித்து "அம்மா" என்றாள். ரோஸ்லின் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. நேர்முகத் தேர்வு நடக்கும் அலுவலகத்திலிருந்து சிவானி என்ற பெண்ணின் குறுஞ்செய்தி. பதினொன்றே காலுக்கு வந்துவிடுவீர்கள்தானே என்று கேட்டிருந்தாள். யாமினி பாட்டுத்தாளுக்குள் போனை வைத்து, பத்து நிமிடம் தாமதமாகலாம் என்று தட்டினாள். மணி பத்து ஐம்பது.

"ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்ந்துகொள்வோம்," என்றார் ஃபாதர்.

சமாதானம் பகிர்வது என்றால் என்னவென்று யாமினிக்குத் தெரியவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அவளும் ரோஸ்லினைப் பார்த்துக் கைகூப்பினாள். திரும்பினால், நடுவழியைத் தாண்டி ரமணன் வந்து நின்றுகொண்டிருந்தார். கூப்பிய கை, நெற்றியில் வழக்கமான திருநீறு, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

"யாமினி. நீங்க எம்.சி.ல இல்ல?" என்று கிசுகிசுத்தார்.

"சார்... வந்து... பெரியம்மா சார்."

"யாரு?"

அவள் கண்ணால் சவப்பெட்டியைக் காட்டினாள்.

ரமணன் பெட்டியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"இவங்க உங்க... பெரியம்மாவா?"

"தூரத்துச் சொந்தம் சார். திடீர்னு நியூஸ் வந்துச்சு. உங்கள டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு வயித்துவலின்னு போட்டுட்டேன். நீங்க சார்?"

"நானா?" ரமணன் டையை இழுத்துச் சரிசெய்தார். "எனக்கும் ரொம்பத் தெரிஞ்சவங்கதான். உங்களப் பத்திக்கூட அடிக்கடி சொல்லிருக்காங்க."

இறந்துபோன அம்மாள் அவளைப் பற்றிச் சொல்லியிருக்க முடியாது. ஆக, இது கடல் தண்ணிக் கேள்வி. அவர் கயிற்றை விட்டுப் பிடிக்கிறார். எவ்வளவு தூரம் போவாள் என்று பார்க்கிறார்.

"ஆமா சார். பெரியம்மாவும் உங்களப் பத்தி நெறையச் சொல்வாங்க," என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ரமணன் வேகமாகத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

நற்கருணை அப்பம் வாங்க முதல் வரிசைதான் முதலில் எழ வேண்டியிருந்தது. பொய் சொல்வது ஒன்று, அடுத்தவர்களின் சாமியிடம் போய் ஏமாற்றுவது வேறு. உட்கார்ந்தே இருந்தால் ரமணன் பார்ப்பார். போனால் தெய்வக்குற்றம்.

"நான்... எனக்கு இன்னும்..." என்று ரோஸ்லினிடம் முணுமுணுத்தாள்.

"ஞானஸ்நானம் எடுக்கலயா? பரவால்ல லா. ரெண்டு கையையும் இப்படி நெஞ்சுல குறுக்கா வச்சுட்டு வாங்க. ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் குடுப்பாரு."

அப்படியே போனாள். ஃபாதர் தலையில் கைவைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பும்போது, எதிர்வரிசையில் ரமணனும் நெஞ்சில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவர் கண் அவள் கையின் மேலேயே இருந்தது. இடது கைமேல் வலதா, வலது கைமேல் இடதா என்று சரிபார்ப்பதுபோல.

மணி பதினொன்று ஐந்து. இப்போது பூசை முடிந்தால்கூட ஓடிவிடலாம்.

"அம்மா பிலோமினாவைப் பற்றிக் குடும்பத்திலிருந்து யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம்," என்றார் ஃபாதர்.

ரோஸ்லின் எழுந்தாள். கையில் ஒரு தாள் இருந்தது. இரண்டு அடி வைத்தாள், தேம்பினாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசைகளில் யாரோ இருமினார்கள்.

"யாமினி பேசுவாங்க ஃபாதர்!"

ரமணனின் குரல். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பெரியம்மான்னா அவங்களுக்கு உயிரு. எங்கிட்ட இப்பதான் சொன்னாங்க."

அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் நன்றியோடு அவள் கையை அழுத்தினாள். பேசப் பேச நாறட்டும் என்றுதான் அந்த மனிதர் மைக் முன்னால் தள்ளுகிறார் என்று யாமினிக்குப் புரிந்தது. பத்து வயது மகன் ஆதவனின் பள்ளிக்கட்டணம், வீட்டுக்கடன், அம்மாவின் மருந்து எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எழுந்து போனாள்.

மைக் முன்னால் நின்று படத்தைப் பார்த்தாள். பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மாவைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாது," என்றாள். கோவிலுக்குள் நுழைந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் உண்மை அதுதான். சொன்னதும் குரல் கொஞ்சம் நிலைத்தது. "ஒரு தடவகூட நான் அவங்கள வந்து பாக்கல. பக்கத்துலயேதான் இருந்தேன். பஸ்ஸுல தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். எறங்கி வரணும்னு தோணல."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இன்னிக்குக் காலைல ரொம்பப் பயந்துபோயித்தான் இந்தக் கோவிலுக்குள்ள வந்தேன். ஒருத்தரும் நீ யாருன்னு கேக்கல. கையப் புடிச்சு முன்னாடி உக்கார வச்சாங்க. ரோஸ்லின் அக்கா இன்னும் கைய விடல. பெத்த தாயப் பறிகொடுத்துட்டு நிக்கிறவங்க, எனக்கு ஆறுதல் சொல்றாங்க. இப்படி ஒரு பொண்ண வளத்தவங்க எப்படி இருந்திருப்பாங்க? அவங்க உயிரோட இருக்கறப்பவே வந்திருக்கணும். தப்பு பண்ணிட்டேன்."

கோவிலே அழுதது. அப்போதுதான் யாமினி அதைப் பார்த்தாள். ரமணன் குனிந்தபடி, சுவரோரமாக, பக்கவாட்டுக் கதவை நோக்கி அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

போகிறார்! அவள் நெஞ்சு துள்ளியது. ஆபீசுக்குப் போன் போட்டு அவள் கதையை முடிக்கத்தான் போகிறார், தெரியும். போகட்டும். அவர் தலை மறைந்த நிமிடம் அவள் ஓடினால் பதினொன்றே காலுக்குப் போய்விடலாம். புது வேலை கிடைத்துவிட்டால் பழைய வேலை போனால் என்ன?

"அவ்ளோதான். தேங்க்யூ," என்று சட்டென்று முடித்துவிட்டு இறங்கினாள்.

கதவருகே ஆரோக்கியம் ரமணனின் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"தம்பி, நல்ல உயரமா இருக்கீங்க. பெட்டி தூக்க ஒரு ஆள் கொறையுது. வாங்க."

"எனக்கா? இல்லைங்க, எனக்கு முதுகு..."

"ஒரு கை புடிச்சாப் போதும் லா. அம்மா எடையே இல்ல."

ரமணன் யாமினியைப் பார்த்தார். யாமினி ரமணனைப் பார்த்தாள். அவர் வந்து பெட்டியின் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். மணி அடித்தது. பெட்டிக்குப் பின்னால், ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு, யாமினி நடந்தாள். அவளுக்கு இரண்டடி முன்னால், பன்னிரண்டு வருடம் அவளுக்கு விடுமுறை மறுத்த மனிதர், வியர்த்து வழிந்தபடி முன்பின் தெரியாதவர்களோடு கால் சேர்த்து நடந்துகொண்டிருந்தார்.

வெளியே வெயில் சுட்டெரித்தது. பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். மணி பதினொன்று இருபத்தைந்து. வண்டிக்குப் பின்னால் ஒரு பேருந்து மண்டாய் தகனச்சாலைக்குப் போகத் தயாராக நின்றது.

ரமணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் அருகில் வந்தார்.

"நீங்க மண்டாய்க்குப் போறீங்களா?"

"கண்டிப்பா சார். பெரியம்மா ஆச்சே. நீங்க கெளம்புங்க சார். ஆபீஸ்ல வேல இருக்குமே."

"சேச்சே." ரமணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க போறப்ப நான் எப்படிப் போகாம இருக்கறது? உங்களுக்கு அசதியா இருந்தா, நீங்க வேணா வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, அது எப்படி சார்? சொந்தம் நான் இருக்க, நீங்க போயிட்டு நான் போகலன்னா?"

"அதானே," என்றார் ரமணன், உயிரில்லாத குரலில்.

"ரெண்டு பேரும் ஏறுங்க," என்று ஆரோக்கியம் விரட்டினார். "அங்க எறக்கவும் ஆள் வேணும்."

ரமணன் ஏறினார். யாமினி ஏறவில்லை. படிக்கட்டருகே நின்ற ரோஸ்லினைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனாள். இனி இந்தப் பெண்ணின் கையைப் பொய்யோடு பிடிக்க அவளால் முடியவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நான் உங்க சொந்தமே இல்ல. எம்.சி. போட்டுட்டு இன்டர்வியூவுக்கு வந்தேன். எங்க பாஸ் எதிர்ல வந்துட்டாரு. ஒளியறதுக்காகத்தான் உள்ள வந்தேன். பெட்டிய அப்பறம்தான் பாத்தேன்."

ரோஸ்லின் வீங்கிய கண்களால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, மைக்ல பேசினது?"

"எனக்குத் தெரிஞ்சத மட்டும்தான் பேசினேன்கா."

ரோஸ்லினின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று யாமினி நினைத்தாள். ஆனால் ரோஸ்லின் சட்டென்று கையால் வாயைப் பாதி மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க," என்று கண்ணைத் துடைத்தாள். "தம்பி லண்டன்ல. டிக்கெட் கெடைக்கல. பஸ்ஸுல பத்துப் பேர்கூட இல்ல. இன்டர்வியூவுக்கு நேரம் இருந்தா ஓடுங்க. இல்லன்னா, வாங்க. என் பக்கத்துல யாருமே இல்ல."

யாமினி மணியைப் பார்த்தாள். பதினொன்றரை. பேருந்து ஜன்னலில் ரமணனின் முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்துக்குப் பயந்து ஏறினாளா, ரோஸ்லினுக்காக ஏறினாளா என்று பின்னால் எத்தனை முறை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. ஏறினாள்.

ரோஸ்லின் முன் இருக்கையில் உட்கார்ந்து அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்து யாமினி. நடுவழிக்கு அந்தப் பக்கம் ரமணன். பேருந்து விரைவுச்சாலையில் ஏறியது. ரமணன் நான்கு முறை மணி பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போய், கையால் வாயை மறைத்து யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு இன்னும் குனிந்துகொண்டார்.

எச்.ஆர்.தான் என்று யாமினி முடிவு செய்தாள். மண்டாய் வந்து சேர்வதற்குள் கடிதம் தயாராகிவிடும். பன்னிரண்டு வருட வேலை போயிற்று. புது வேலையும் போயிற்று.

ரமணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். அழுததுபோல இருந்தது முகம்.

குறைந்தது அந்தச் சிவானியிடமாவது நாகரிகமாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். யாமினி ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போன் போட்டாள்.

"ஹலோ, சிவானியா? நான் யாமினி. பதினொன்னே கால் இன்டர்வியூ. ரொம்ப சாரிமா. திடீர்னு எங்க பெரியம்மா தவறிட்டாங்க. பூசை முடிஞ்சு இப்ப மண்டாய்க்குப் போயிட்டு இருக்கேன். வேற ஒரு நாள் குடுக்க முடியுமா?"

"என்ன மேடம் இது? பதினோரு மணிக்கு வரவேண்டிய மிஸ்டர் ரமணனும் இப்பதான் போன் பண்ணி, பெரியம்மா தவறிட்டாங்க, மண்டாய்க்குப் போற பஸ்ஸுல இருக்கேன்னு சொல்லி அழுதாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?"